செனகலின் தானியக் கணக்கும் நம்மூர் நொய்யும்

2022 செப்டம்பரில் மத்திய அரசு நொய்யரிசி ஏற்றுமதிக்குத் தடை விதித்தபோது அம்பாசமுத்திரம் பக்கத்து அரிசி ஆலைகளில் அதைப் பற்றிப் பெரிய பேச்சு எதுவும் எழவில்லை. எங்கள் ஆலையில் கழியும் நொய் கப்பல் ஏறுவதில்லை. நாமக்கல் கோழிப்பண்ணைகளுக்குத் தீவனமாகவும், கொஞ்சம் உப்புமாவுக்கும் கஞ்சிக்குமாக உள்ளூர்க் கடைகளுக்கும் போய்விடும். தரகர் வந்து, 'அண்ணாச்சி, நொய் விலை கொஞ்சம் இறங்கும் போலிருக்கு' என்று சொன்னதோடு அந்த வாரப் பேச்சு முடிந்தது. ஆலைக் கணக்கெழுதும் எனக்கு மட்டும், தீவனத்துக்கு ஒதுக்கும் இந்தப் பொருளை உலகில் யார் கப்பல் கப்பலாக வாங்குகிறார்கள் என்ற கேள்வி விடாமல் நின்றது. தீவனத்துக்காக வாங்கிய சீனா அன்று முதல் இடத்தில் இருந்தது. ஆனால் மனிதர் உண்பதற்காக, அதுவும் விரும்பி உண்பதற்காக வாங்கிய நாடுகளைத் தேடியபோது மேற்கு ஆப்பிரிக்காவின் செனகலில் வந்து நின்றேன். அன்று முதல் அந்த நாட்டின் தானியக் கணக்கைத் தொடர்ந்து படித்து வருகிறேன்.

தானியக் கணக்கு என்பது ஆலைக் கணக்கைப் போன்றதுதான். ஒரு பக்கம் ஆண்டுத் தொடக்கத்துக் கையிருப்பும் அந்த ஆண்டு விளைச்சலும் வரும். மறுபக்கம் மக்கள் உண்பது, கால்நடைக்குப் போவது, விதைக்கு எடுத்து வைப்பது, அறுவடைக்குப் பின் பூச்சியாலும் ஈரத்தாலும் சிந்தியும் கெட்டும் போவது, ஆண்டு முடிவில் மிச்சமாக இருக்க வேண்டியது ஆகியவை வரும். இரண்டு பக்கமும் சமமாவதற்கு வெளியிலிருந்து எவ்வளவு வர வேண்டுமோ அதுவே இறக்குமதித் தேவை. செனகலில் மழைக்காலம் ஜூன் முதல் அக்டோபர் வரை என்பதால் தானிய ஆண்டு நவம்பரில் தொடங்கி அடுத்த அக்டோபரில் முடிகிறது. அரிசி இறக்குமதியை மட்டும் ஜனவரி முதல் டிசம்பர் வரை தனியாகக் கணக்கிடும் வழக்கம் உண்டு. இரண்டையும் அருகருகே வைத்துப் படிப்பவர் இதைக் கவனிக்காவிட்டால் ஓர் அறுவடையை இரண்டு முறை எண்ணிவிட வாய்ப்புண்டு. நெல்லையும் அரிசியையும் கலந்து எழுதும் செய்திகள் அதைவிட மோசம். நூறு கிலோ நெல்லை அரைத்தால் அறுபத்தைந்து கிலோவை ஒட்டித்தான் அரிசி வரும், மற்றது உமியும் தவிடும் என்பது ஆலைக்காரனுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆனால் நாளிதழ்களில் 'நெல் உற்பத்தி இவ்வளவு, அரிசித் தேவை இவ்வளவு' என்று இரண்டையும் நேருக்கு நேர் கழித்துவிடுகிறார்கள்.

தோராயமாக ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 2023 ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி செனகலின் மக்கள்தொகை 1.8 கோடி. ஆளுக்கு ஆண்டுக்கு 100 கிலோவை ஒட்டி அரிசி உண்கிறார்கள். ஆக, தேவை 18 லட்சம் டன். நல்ல ஆண்டில் உள்நாட்டு நெல் 13 முதல் 14 லட்சம் டன் என்று அரசுக் கணக்கு சொல்கிறது. அதை அரிசியாக்கி, விதையையும் சேதாரத்தையும் கழித்தால் 8 லட்சம் டன்னைச் சுற்றி நிற்கும். மீதி 10 லட்சம் டன் கடல் வழியாக வந்தாக வேண்டும். உண்மையில் தலைநகர் டாக்கார் துறைமுகத்தில் ஆண்டுதோறும் இறங்குவதும் அந்த அளவிலும் அதற்கு மேலுமாகவே இருக்கிறது. இதில் பெரும்பகுதி முழு அரிசி அல்ல, நொய்.

ஆனால் அரிசி மட்டுமே செனகலின் தானியம் அல்ல. நிலத்தில் பெரும்பரப்பில் விளைவது கம்பு. அதற்குப் பின் மக்காச்சோளமும் சோளமும். கவோலாக் நகரைச் சுற்றியுள்ள நிலக்கடலைப் பகுதியில் ஓராண்டு கடலை, ஓராண்டு கம்பு என்று மாற்றி மாற்றி விதைக்கிறார்கள். முற்றிலும் மானாவாரி. நம் சங்கரன்கோவில், கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசலில் நேற்றுவரை உண்டு வளர்ந்த அதே கம்பு, ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் சகாரா பாலைவனத்தின் தென்விளிம்பில்தான் முதன்முதலில் பயிராக்கப்பட்டது என்பதை நினைத்துக்கொண்டால் அந்த ஊர்கள் அவ்வளவு தூரமாகத் தெரிவதில்லை. அங்கும் மழை ஒரு வாரம் தள்ளிப்போனால் மறுவிதைப்பு, இடையில் மூன்று வாரம் பொய்த்தால் கதிர் பிடிக்காமல் போவது, செப்டம்பரில் சீக்கிரம் விடைபெற்றால் பாதி மணி என்பதெல்லாம் உண்டு. முந்தைய அறுவடைத் தானியம் தீர்ந்து புதியது வராத ஜூன் முதல் ஆகஸ்ட் வரையான மாதங்கள் கிராமங்களுக்குப் பஞ்ச மாதங்கள். விதைக்கவும் களையெடுக்கவும் உடம்பில் வலு வேண்டிய அதே மாதங்களில்தான் குதிர் காலியாகிறது.

இறக்குமதித் தேவை என்ற எண்ணைப் பலரும் தவறாகப் படிக்கும் இடம் இதுதான் என்று நினைக்கிறேன். மழை நன்றாகப் பெய்து கம்பு விளைச்சல் ஏறிய ஆண்டுகளிலும் செனகலின் அரிசி இறக்குமதி பெரிதாக இறங்குவதில்லை. மழை தவறிய ஆண்டில் ஒரேயடியாக ஏறுவதும் இல்லை. கம்பு உண்ணும் குடும்பமும் நொய் வாங்கும் குடும்பமும் பெரும்பாலும் வேறு வேறு. கம்பு கிராமத்தில் விளைந்து கிராமத்திலேயே தீர்கிறது. டாக்காரிலும் தியெஸிலும் இருக்கும் தொழிலாளி மதியத்துக்கு அரிசி வாங்குகிறான், அவனுக்குக் கம்பு மலிவாகக் கிடைத்தாலும் பகல் சாப்பாடு மாறாது. நம் கரிசல் காட்டில் நடந்ததும் இதுவே. ரேஷன் அரிசி வந்த பின் கம்பங்கூழும் சோளச் சோறும் அன்றாட உணவிலிருந்து இறங்கின. பின்னர் எத்தனை நல்ல மழை பெய்தும் கம்பு திரும்பி வரவில்லை, நிலத்தில் கோழித் தீவனத்துக்கான மக்காச்சோளம் வந்து உட்கார்ந்துகொண்டது. ஆகவே '10 லட்சம் டன் இறக்குமதித் தேவை' என்று ஓர் அறிக்கை சொன்னால் அந்த அளவுக்குப் பசி இருக்கிறது என்று பொருள் கொள்ளக் கூடாது. துறைமுகத்தில் அரிசி மலைபோல் குவிந்திருக்கும் ஆண்டிலும் வடகிழக்கில் மாத்தாம் பகுதியில் ஆடு மாடு மேய்ப்பவர் வீட்டில் பசி இருக்கலாம். அதனால்தான் சகாராவின் தென்விளிம்பை ஒட்டிய சாகேல் நாடுகள் ஆண்டுக்கு இருமுறை, அறுவடையை ஒட்டி ஒரு முறையும் மார்ச் வாக்கில் மறுமுறையுமாக, எந்த மாவட்டத்தில் எத்தனை பேர் எந்த அளவு நெருக்கடியில் இருக்கிறார்கள் என்று தனியாக மதிப்பிடுகின்றன. தானியக் கணக்கையும் அந்த மதிப்பீட்டையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

ஒரு நாடு தன் நிலத்தில் தேவைக்கு விளையாத பொருளைத் தன் முதன்மை உணவாகக் கொண்டது எப்படி என்று கேட்டால், பதில் பிரெஞ்சு ஆட்சியில் இருக்கிறது. பிரான்சின் எண்ணெய் ஆலைகளுக்குக் கடலை வேண்டியிருந்தது. உழவர் கம்பைக் குறைத்துக் கடலை விதைத்தால் அவர்கள் உண்ண வேறேதாவது கொடுக்க வேண்டும். அதே பேரரசின் இன்னொரு மூலையான இந்தோசீனாவில், சைகோன் அரிசி ஆலைகளில், ஐரோப்பியர் வாங்காத நொய் குவிந்து கிடந்தது. அதை டாக்காருக்கு அனுப்பினார்கள். இதில் நமக்கும் ஒரு பழைய தொடர்பு உண்டு: அதற்கும் முந்தைய காலத்தில் செனகல் ஆற்றங்கரையில் கருவேலம் பிசின் வாங்கிய பிரெஞ்சு வணிகர் அதற்கு விலையாகக் கொடுத்தது பெரும்பாலும் புதுச்சேரியில் நெய்து நீலம் தோய்த்த துணி, அந்த ஆற்றங்கரையில் அது நாணயம் போலவே செலாவணியானது. 1960 இல் விடுதலை பெற்ற பிறகும் கடலை விற்று நொய் வாங்கும் ஏற்பாடு தொடர்ந்தது. 1994 ஜனவரியில் அந்நாட்டு நாணயமான சிஎஃப்ஏ பிராங்கின் மதிப்பு பிரெஞ்சு பிராங்குக்கு எதிரே சரிபாதியாக வெட்டப்பட்டபோது இறக்குமதி அரிசி விலை ஏறும், மக்கள் கம்புக்குத் திரும்புவார்கள் என்று எதிர்பார்த்தவர்கள் இருந்தார்கள். விலை ஏறியது, நகரத்தின் பகல் உணவு மாறவில்லை.

முந்திரிக் கொட்டை கொள்முதலுக்காகத் தென்செனகலின் ஸிகின்ஷோர் வரை போய்வரும் தூத்துக்குடி நண்பர் ஒருவர் அந்தப் பகல் உணவை எனக்கு விவரித்திருக்கிறார். மீனின் சதையில் குழி பறித்து பூண்டும் பார்ஸ்லி இலையும் இடித்த விழுதைத் திணித்துப் பொரித்தெடுப்பார்கள், அதே எண்ணெயில் தக்காளி விழுதைச் சுருள வதக்கி நீர் ஊற்றி, முட்டைக்கோஸ், கேரட், மரவள்ளி, கத்தரிக்காய் எல்லாவற்றையும் பெரிய துண்டுகளாகப் போட்டு வேக வைப்பார்கள், புளியும் உண்டு. கழுவிய நொய்யை முதலில் அந்தக் குழம்புப் பானையின் ஆவியிலேயே வைத்துப் பாதி வேக விட்டு, பிறகு மீனையும் காயையும் எடுத்துவிட்டுக் குழம்பில் கொட்டுவார்கள். சிறு மணியான நொய் சாற்றை முழுதும் குடித்துக்கொண்டு உதிரியாக நிற்கிறது. அடியில் பிடித்த காந்தலைச் சுரண்டி எடுத்து மேலே வைத்துத்தான் பரிமாற வேண்டுமாம். யுனெஸ்கோ 2021 இல் இந்தச் சமையலை மானுடத்தின் மரபுச் செல்வங்களின் பட்டியலில் சேர்த்தது. அதற்கு முழு அரிசி போட்டால் அவர்கள் விரும்புவதில்லை. எங்கள் ஆலையில் அரிசி உடையாமல் இருப்பதற்காகவே நெல்லை எத்தனை ஈரத்தில் அரைப்பது, உருளைகளின் இடைவெளியை எவ்வளவு விடுவது என்று நாள் முழுதும் பார்த்துக்கொண்டிருக்கிறோம்; தரம் பிரிக்கும் உருளையிலிருந்து முழு அரிசி ஒரு வாயிலும், அரை அரிசி ஒரு வாயிலும், குருணையும் நொய்யும் கடைசி வாயிலுமாக இறங்கும்போது கடைசிச் சாக்கு சீக்கிரம் நிரம்பினால் முதலாளியின் முகம் மாறும். செனகல் ஆலைக்காரனுக்கோ முழு அரிசிக்கென்று பெரிய கூடுதல் விலை தன் சந்தையில் கிடைப்பதில்லை. உலகச் சந்தையில் மிக மலிவான அரிசியே தனக்குப் பிடித்த அரிசியாக அமைந்தது அந்நாட்டுக்கு ஒரு வகையில் நல்லூழ். அதை விற்பவர்கள் சிலரே என்பது அதன் இடர்.

அந்த இடர்தான் 2022 இல் வெளிப்பட்டது. தடைக்கு மத்திய அரசு சொன்ன காரணம் உள்நாட்டில் நொய் விலை கிலோ 16 ரூபாயிலிருந்து 22 ரூபாய்க்கு ஏறியதும், கோழித் தீவனத்துக்கும் எத்தனால் ஆலைகளுக்கும் சரக்குத் தட்டுப்பட்டதும்; அந்த ஆண்டு ஏப்ரல் முதல் ஆகஸ்ட் வரை மட்டும் 21 லட்சம் டன்னுக்கு மேல் நொய் கப்பலேறியிருந்தது. உள்நாட்டு நோக்கில் அது நியாயமான முடிவே என்று கோழிப்பண்ணைக்காரரும் சொல்வார், நானும் மறுக்க மாட்டேன். ஆனால் உலக அரிசி வணிகத்தில் ஏறத்தாழ நாற்பது விழுக்காட்டைக் கையில் வைத்திருக்கும் நாடு கதவைச் சாத்தும்போது, விளிம்பில் இருக்கும் வாங்குபவனுக்கு எங்கே போவது என்று தெரியாமல் போகிறது. 2023 ஜூலை 20 அன்று பாசுமதி அல்லாத பச்சரிசி ஏற்றுமதிக்கும் தடை வந்தது. அடுத்த மாதம் புழுங்கலரிசிக்கு 20 விழுக்காடு வரி. தாய்லாந்து, வியட்நாம் விலைகள் ஏறின. உணவுத் தேவையை முன்வைத்துக் கேட்கும் அரசுகளுக்கு மட்டும் டெல்லி அளவு குறித்து அனுமதி கொடுத்தது. அப்படி நொய் பெற்ற நாடுகளில் செனகலும் அதன் வயிற்றுக்குள் ஆற்றை ஒட்டி நீண்டு கிடக்கும் காம்பியாவும் இருந்தன. 2024 செப்டம்பர் இறுதியில் பச்சரிசித் தடையும், 2025 மார்ச்சில் நொய்த் தடையும் நீங்கின. இடையில் 2024 இல் செனகலில் ஆட்சி மாறியது. புதிய அரசு மூன்றே மாதத்தில் ரொட்டி, எண்ணெய், சர்க்கரையோடு நொய்யின் விலையையும் குறைத்து அறிவித்தது. நொய் விலையில் அரசின் பெயர் கெடவும் நிலைக்கவும் செய்கிற நாடு அது. 2008 இல், அப்போதும் இந்தியா ஏற்றுமதியை நிறுத்தி உலக விலை சில மாதங்களில் இரண்டு மடங்குக்கு மேல் ஏறிய சமயத்தில், டாக்கார் தெருக்களில் மக்கள் விலைவாசியை எதிர்த்து ஊர்வலம் போயிருக்கிறார்கள்.

நம் ஊர்ப் பெரியவர்களுக்கு இது புதிய கதையாகத் தோன்றாது. ஒரு காலத்தில் சென்னை மாகாணமே பர்மா அரிசியைப் பார்த்து இருந்தது. தாமிரபரணிக் கரையில் முப்போகம் கண்ட ஊர்களைத் தவிர, தேரிக்காட்டுக்கும் கரிசலுக்கும் ரங்கூன் அரிசி வந்தது. 1942 இல் ஜப்பானியர் பர்மாவைப் பிடித்ததும் அந்த வரத்து நின்றது. அதன் பிறகே இங்கு அரிசிக்குப் பங்கீடு வந்தது. வங்கத்திலும் திருவிதாங்கூரிலும் அந்த ஆண்டுகளில் பஞ்சம் என்ன செய்தது என்பது எல்லோருக்கும் தெரியும். வாங்கும் பக்கத்தில் இருந்த நாம் எண்பது ஆண்டுக்குள் விற்கும் பக்கத்துக்கு வந்துவிட்டதால், கதவு சாத்தப்படும் ஓசை நமக்கு இப்போது கேட்பதில்லை.

செனகல் தானே விளைவித்துக்கொள்ளக் கூடாதா என்று நண்பர்கள் கேட்பதுண்டு. முயலாமல் இல்லை. வடக்கு எல்லையில் ஓடும் செனகல் ஆற்றின் கரையில் அந்நாட்டுப் பக்கத்தில் மட்டும் 2,40,000 ஹெக்டேர் வரை பாசனத்துக்கு உகந்தது என்பார்கள். 1972 இல் மாலி, மோரித்தானியா, செனகல் மூன்றும் சேர்ந்து ஆற்றுக்கு ஒரு கூட்டமைப்பை உருவாக்கின. 1986 இல் கழிமுகத்தில் தியாமா அணையும் 1988 இல் மேலே மாலி நாட்டுக்குள் மனன்தாலி அணையும் முடிந்தன. முன்பெல்லாம் ஆற்றில் நீர் வற்றும் மாதங்களில் கடல்நீர் உள்ளே நெடுந்தூரம் ஏறிவரும். தியாமா அதைத் தடுத்தது, மனன்தாலி கோடையிலும் நீர் விட்டது. அதன் பயனாக நம் காரும் பிசானமும் போல அங்கும் இரு போகம் சாத்தியமாயிற்று: பிப்ரவரியில் விதைத்து ஜூன், ஜூலையில் அறுக்கும் வெயில் போகம் ஒன்று, ஜூலையில் தொடங்கி ஆண்டு முடிவில் அறுக்கும் மழைப் போகம் ஒன்று. விளைச்சலும் குறைவில்லை, ஹெக்டேருக்கு ஐந்து, ஆறு டன் நெல் என்பது தாமிரபரணிப் பாசன உழவரும் மதிக்கும் அளவு. 1994 இல் வெளியிட்ட சாகேல் 108 என்ற குறுகிய கால ரகம் பிலிப்பைன்ஸ் நெல் ஆராய்ச்சி நிலையத்து வழியில் வந்தது. உடன் வந்த சாகேல் 201 இலங்கையில் உருவான ரகம். அம்பை 16 நம் கார் பருவத்தை எப்படிப் பிடித்துக்கொண்டதோ அப்படிச் சாகேல் 108 அந்த ஆற்றுப் பள்ளத்தாக்கைப் பிடித்துக்கொண்டது.

இருந்தும் 2017 க்குள் 16 லட்சம் டன் நெல், அரிசியில் தன்னிறைவு என்று 2014 இல் அறிவித்த திட்டம் அந்த ஆண்டில் நிறைவேறவில்லை. காரணங்கள் நமக்கும் பழக்கமானவை. நமக்கு நீர் அணைக்கட்டிலிருந்து கால்வாயில் தானாக இறங்கி வருகிறது. அவர்களுக்குப் பெரும்பாலும் ஆற்றிலிருந்து டீசல் அல்லது மின் பம்பு வைத்து ஏற்ற வேண்டும், அந்தச் செலவு ஒவ்வொரு போகத்திலும் உழவர் தலையில் விழுகிறது. முந்தைய போகக் கடனைக் கட்டினால்தான் வங்கி அடுத்த கடனைத் தரும். அறுவடை இயந்திரம் பிந்தினால் விற்பனை பிந்தும், விற்பனை பிந்தினால் கடன் பிந்தும், கடன் பிந்தினால் அடுத்த விதைப்பு பருவம் தப்பும். வெயில் போகமும் மழைப் போகமும் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு வருவதால் இரண்டையும் ஒரே வயலில் எடுப்பவர் சிலரே. போதாக்குறைக்கு, லட்சக்கணக்கில் கூட்டமாக இறங்கும் சிவப்பு அலகுக் குருவி. கதிர் பால் பிடிக்கும் நேரத்தில் அவை வந்து உட்கார்ந்தால் அந்த வயலில் அறுக்க வைக்கோல்தான் மிஞ்சும்.

ஆலைப் பக்கத்தைப் பற்றியும் ஒரு சொல். பள்ளத்தாக்கு நெல்லை நெடுங்காலம் கிராமத்துச் சிறு எந்திரங்களில் உமி நீக்கியே விற்றார்கள். கல் நீக்கும் எந்திரமோ நிறம் பிரிக்கும் எந்திரமோ கிடையாது, பல ரகங்கள் ஒன்றாகக் கலந்திருக்கும். டாக்கார் இல்லத்தரசி அதை வாங்கிப் புடைத்துக் கல் பொறுக்குவதைவிட, பாங்காக்கிலிருந்தோ காக்கிநாடாவிலிருந்தோ வந்த சுத்தமான நொய்யை வாங்குவது இயல்பு. அண்மை ஆண்டுகளில் பெரிய ஆலைகள் வந்து தரம் உயர்ந்திருக்கிறது. ஆயினும் இறக்குமதி விலை இறங்கும் ஆண்டில் உள்ளூர் நெல் களத்திலேயே தேங்குகிறது. இறக்குமதி மலிந்தால் நகரத்துக்கு நிம்மதி, பள்ளத்தாக்கு உழவருக்கு நட்டம். இறக்குமதி ஏறினால் நேர்மாறு. எந்த அரசு வந்தாலும் இந்த இரண்டு பேருக்கும் நடுவேதான் நிற்க வேண்டியிருக்கிறது.

தெற்கே கஸமான்ஸ் பகுதியின் நெல் இதற்கெல்லாம் அப்பாற்பட்டது. அங்குள்ள ஜோலா மக்கள் அலையாத்திக் காட்டுச் சதுப்பை வரப்புக் கட்டி மீட்டு, உப்பை மழைநீரால் கழுவி, நீண்ட மரக்கைப்பிடி கொண்ட மண்வெட்டியால் பாத்தி உயர்த்தி விளைவித்தது ஆப்பிரிக்காவுக்கே உரிய நெல்லினம். ஆசிய நெல் பின்னால் வந்தது. வறட்சியில் உப்பேறிய வயல்களும் 1982 இல் தொடங்கிய பிரிவினைப் போரும் அந்த வேளாண்மையைச் சுருக்கிவிட்டன. விளைவதில் பெரும்பகுதி வீட்டுக் குதிருக்கே போவதால் டாக்காரின் கணக்கில் அது அதிகம் தெரிவதில்லை.

கடைசியாகக் கோதுமை. பிரெஞ்சுக்காரர் விட்டுப்போன நீள ரொட்டி இல்லாமல் செனகல் நகரங்களில் காலை விடிவதில்லை. ஆனால் அந்நாட்டில் கோதுமை விளைவதாகச் சொல்லத்தக்க அளவு எதுவும் இல்லை, தேவை முழுதும் பிரான்சிலிருந்தும் ரஷ்யாவிலிருந்தும் கருங்கடல் பக்கத்திலிருந்தும் வருகிறது. உக்ரைன் போர் தொடங்கிய நான்காம் மாதத்தில், 2022 ஜூன் 3 அன்று, அப்போதைய அதிபர் மாக்கி சால் ஆப்பிரிக்க ஒன்றியத்தின் தலைவர் என்ற முறையில் சோச்சி நகருக்குப் போய்ப் புடினைச் சந்தித்துத் தானியக் கப்பல்களைப் பற்றிப் பேசியதன் பின்னணி இதுதான். மாவில் கம்பு கலந்து ரொட்டி சுடும் முயற்சிகள் அவ்வப்போது நடக்கின்றன, இதுவரை பெரிதாக எடுபடவில்லை. ஆகவே ஆற்றுப் பள்ளத்தாக்கு நாளையே 16 லட்சம் டன்னைத் தாண்டினாலும், நவம்பரில் வெளியாகும் அடுத்த தானியக் கணக்கில் 'இறக்குமதித் தேவை' என்ற வரியில் கோதுமைக்காக மட்டுமே பல லட்சம் டன் எழுதப்பட்டிருக்கும். நொய்யின் வரியைப் பொறுத்தவரை, நான் இப்போதெல்லாம் செனகல் மழையைப் பார்ப்பதற்கு முன் டெல்லி அறிவிப்பையும் நாமக்கல் தீவன விலையையும் பார்த்துவிடுகிறேன்.